கிரேக்கக் கடையில் அக்கா மீன் சாப்பிட்டாரா

மனோன்மணி அக்கா அந்தக் கிரேக்க உணவகத்தில் எப்போதாவது மீன் சாப்பிட்டாரா? அவருடைய குடும்பம் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. பல வருடங்களாக, மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியாது. இந்த நினைவு மலரில் எழுதியிருக்கும் மற்றவர்களுக்கு அக்காவைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை பல இருக்கும். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி சந்தேகங்கள். அவற்றை எழுதலாமா என்று அக்காவின் மகள் நிலானியிடம் கேட்டேன். "இருந்ததை எழுதுங்கோ அன்ரி. புகழுறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்" என்றாள்.

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

"அன்ரி, அம்மா போட்டா."

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன். அப்படித்தான் வாயில் வந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பக்கத்திலதான் நிக்கிறன்."

அதன் பிறகு அவள் ஜேர்மன் மொழிக்கு மாறி, காலையில் அம்மா தேத்தண்ணி வைக்க எழும்பாததையும், மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனதையும் ஒழுங்காகச் சொன்னாள். அழுகை வராத மொழியைத் தேடிப் போகிறாள் என்று நினைத்தேன். அது தவறாகவும் இருக்கலாம்.

அக்காவை நான் முதன்முதலில் சந்தித்ததும் ஒரு செத்த வீட்டில்தான். இங்கே ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் வாடகைக்கு எடுத்த மண்டபம். முன்வரிசைப் பெண்கள் பெரிதாக அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் ஏன் அழேல்லை?"

"எனக்குச் செத்தவரைத் தெரியாது. அம்மாவுக்குத்தான் சொந்தம்."

"இஞ்ச முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியாது. அங்க பாரும், அந்தப் பச்சைச் சீலை. போன மாசம் வரைக்கும் அவரோட கோபம். இப்ப பெட்டியை விடமாட்டா." பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "சுமதி, உமக்கு நடிக்கத் தெரியாது. எனக்கு அப்பிடி ஒராள் வேணும்."

எதற்கு வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சில நாட்களில் தொலைபேசி வந்தது. தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கக் கடை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வாரும், நான் சாப்பாடு வாங்கித் தாறன் என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரை விரும்பினால் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவார்கள். கடைக்கு அழைத்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். காப்புறுதி விற்பவர்கள் கடைக்கு அழைப்பார்கள். மனைவியை இழந்த தம்பிக்குப் பெண் தேடுபவர்கள் அழைப்பார்கள். சங்கத்தில் செயலாளர் பதவியை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பவர்களும் அழைப்பார்கள். நான் தனியாக வாழ்பவள், படித்தவள், யாரோடும் அதிகம் பழகாதவள். இந்த மூன்று கூட்டத்துக்கும் வசதியான ஆள். முதல் மூன்று நான்கு சந்திப்புகளில் நான் சாப்பாட்டைவிட அந்தக் கோரிக்கையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுமை இழந்து நேரே கேட்டுவிட்டேன்.

"அக்கா, என்னட்ட என்ன கேக்கப் போறியள்? கேட்டு முடியுங்கோவன்."

"என்னத்தைக் கேக்கிறது?"

"காப்புறுதியோ, மாப்பிள்ளையோ?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உமக்கு மாப்பிள்ளை பாக்க எனக்கென்ன விசரே? அந்தாள் என்ன பாவம் செய்தது?"

அதற்குப் பிறகும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் கடைசி வெள்ளிகளில் போய்க்கொண்டிருந்தேன்.

கடை உங்களில் பலர் கண்டிருக்கக்கூடியதுதான். வாசலில் சாந்தால் செய்த இரண்டு தூண்கள், கூரையிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் திராட்சைக் கொடிகள், சுவரில் நீலக் கடல். சாப்பாட்டு அட்டையில் கடவுள்களின் பெயர்களில் இறைச்சித் தட்டுகள். அந்தத் தட்டு ஒன்றை மூன்று பேர் சாப்பிடலாம். ஜேர்மன்காரர் ஒருவர் தனியாக முடித்துவிடுவார். நடத்துபவர் கோஸ்தா, எங்கள் இருவருக்கும் நடுவிலான வயது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அக்கா முதல்நாளே அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கோஸ்தா என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். நான் எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தால் அவர் கல்லாப் பக்கமிருந்து கழுத்தை நீட்டுவார். ஒருமுறை சலாட்டில் ஒரு முட்டைக்கோவா இலையைச் சும்மா புரட்டினேன். கேட்காமலே புதிய கிண்ணம் வந்தது.

அக்கா என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி. திராட்சை இலையில் சுற்றிய சோறு அவருக்கு விருப்பம். ஆனால் அதற்குள் கொத்திறைச்சி இல்லை என்று கோஸ்தா எத்தனை தடவை சத்தியம் செய்தாலும், ஒவ்வொரு சுருளையும் முள்ளுக்கரண்டியால் விரித்து, சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றித்தான் சாப்பிடுவார். "அவன் நல்லவன்தான். ஆனா அவன்ர குசினிக்க நிக்கிறவனை நான் கண்டதில்லையே" என்பார். வெள்ளரிக்காயும் உள்ளியும் போட்ட தயிர் வந்தால் முகர்ந்து பார்த்து, "பச்சடி. எங்களிட்டக் களவெடுத்திருக்கிறாங்கள்" என்பார். சாப்பாடு முடிந்ததும் அந்தக் கடைகளில் வழக்கமாகச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஊசோ கொண்டுவந்து இலவசமாக வைப்பார்கள் அல்லவா? பெருஞ்சீரக வாசனை அடிக்கும் அந்தச் சாராயத்தை அக்கா குடிக்கமாட்டார், திருப்பி அனுப்பவும்மாட்டார். மேசைக்குக் கீழே விரலைத் தோய்த்து முழங்காலில் தேய்த்துக்கொள்வார். முதியோர் இல்லத்து வேலையில் ஆட்களைத் தூக்கித் தூக்கி அவருக்கு மூட்டு வருத்தம். ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் வீடு திரும்பும்போது அவருடைய பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னை உண்மையில் குழப்பியது இன்னொன்று. எனக்கு என்ன வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "இவவுக்கு மீன். எனக்குப் போஞ்சி" என்று கோஸ்தாவிடம் சொல்லிவிடுவார். அவருக்குத் தக்காளிக் குழம்பில் வெந்த பெரிய வெள்ளைப் போஞ்சி விதை. எனக்கு முழுதாகச் சுட்ட மீன், தலையோடு, வாலோடு, பாதி எலுமிச்சையோடு. வந்ததும் அக்கா தன் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு என் தட்டைப் பார்க்கத் தொடங்குவார்.

"வால்ப் பக்கம் முறுகல். அதை விட்டிடாதையும்."

"சாப்பிடுறன் அக்கா."

"உப்பிடியே? கடதாசி கிழிக்கிற மாதிரி எல்லோ கிடக்கு. கன்னத்தில பாரும், சின்னத் துண்டு ஒண்டு இருக்கு. அதுதான் மீனிலயே நல்ல இடம். முதல் அதை எடும்."

ஒருவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க மீன் சாப்பிட்டுப் பாருங்கள். எளிதல்ல. எனக்கு மீன் அவ்வளவு பிடிக்கவும் பிடிக்காது. அப்படியிருந்தும் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டால், இதில் ஏதோ இருக்கிறது, அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம்தான் காரணம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் தொலைபேசி அடிக்கும். கணவர் குணம் அண்ணை.

"எங்க நிக்கிறாய்?"

"கிரேக்கன்ர கடையில."

"ஆரோட?"

"வேற ஆரோட, சுமதியோடதான்."

"அவவிட்டக் குடு."

நான் வாங்குவேன். அண்ணை சுகம் விசாரிக்கமாட்டார். "பிள்ளை, நீர் என்ன சாப்பிட்டனீர்?" "மீன் அண்ணை." "அவ?" "போஞ்சி." பிறகு தொடர்பு துண்டிக்கப்படும். மனைவி யாருடன் இருக்கிறாள் என்று உளவு பார்க்கும் மனிதர் என்று அவரைப் பற்றி முடிவு கட்டியிருந்தேன். என்னை அக்கா எதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார் என்ற கேள்வியும் அப்போதுதான் வலுத்தது.

அக்கா தன் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னது வெகுநாள் கழித்து, நான் கோபப்பட்ட ஒரு மாலையில். "உங்களுக்கு இவ்வளவு ஆசை எண்டால் நீங்களே மீனைச் சாப்பிடுங்கோவன். ஏன் என்ர வாயைப் பாக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. போஞ்சி விதை ஒன்றை இரண்டாக வெட்டினார்.

"தம்பி வரும் வரைக்கும் விட்டிருக்கிறன்."

உங்களில் பலர் அவரைப் பிறவிச் சைவம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. அவருடைய ஒரே தம்பி ரவி, போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். சிறுவயதில் அக்காவும் அவரும் மீன்தலைக்கு அடிபடுவார்களாம். எல்லா உணவையும்விட மீன்தான் அக்காவுக்கு விருப்பம். அதனால்தான் அதை விட்டார்; இறைச்சியும் அதோடு போனது. விருப்பமில்லாததை விட்டால் அது என்ன நேர்த்தி என்று என்னிடமே கேட்டார்.

"செய்தி வரட்டும். நல்லதோ கெட்டதோ. வந்தால் அண்டைக்கே சாப்பிடுவன்."

"வராட்டி?"

"சாப்பிட்டால், நான் அவன்ர வழி பாத்துக்கொண்டிருக்கிறதை விட்டிட்டன் எண்டு அர்த்தம். வசந்தி அங்க இருக்கிறாள். அவளுக்கு முதல் நான் விடக்கூடாது."

வசந்தி, ரவியின் மனைவி. கிளிநொச்சியில் தனியாக இருக்கிறார். இன்னும் பொட்டு வைக்கிறார், தாலி போட்டிருக்கிறார். வாரம் ஒருமுறை அக்காவும் அவரும் தொலைபேசியில் பேசுவார்கள். ஊரில் மற்றவர்கள் எல்லாம் ரவியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும், மச்சாள் ஒருத்திதான் அவர் உயிரோடு இருப்பதுபோலப் பேசுவதாகவும் வசந்தி சொல்வாராம். அக்காவின் வீட்டில் மீன் சமைப்பதில்லை. குணம் அண்ணை நேர்த்தி எதுவும் வைத்தவரல்ல. கொண்டாட்டங்களில் இறைச்சி ரோல்ஸும் மீன் கட்லட்டும் வந்தால் நன்றாகச் சாப்பிடுவார். வீட்டில் மட்டும் மனைவி கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார்.

இனி அந்த மாலையைச் சொல்கிறேன். போன குளிர்காலம். கழிப்பறை கடையின் நிலவறையில் இருக்கிறது; படியிறங்கிப் போய்வரச் சற்று நேரமாகும். நான் திரும்பி வந்தபோது என் தட்டில் மீன் மறுபக்கம் திரும்பிக் கிடந்தது. கன்னத்துச் சதை இல்லை. அந்த இடத்தில் எலும்பு சுத்தமாகத் தெரிந்தது. அக்கா ஈரத்தாளால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மீனைத் திருப்பினது ஆர்?"

"கோஸ்தா. வெந்திட்டுதோ எண்டு பாத்தவன்."

கோஸ்தா கல்லாவில் நின்று தொலைபேசியில் யாருடனோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் விரல்களில் எலுமிச்சை வாசனை இருந்தது. ஆனால் போஞ்சிக்கும் அவர் எலுமிச்சை பிழிவது வழக்கம். ஒரு பக்கத்துக் கன்னத்தை நான் முதலிலேயே சாப்பிட்டிருந்தேன், அது நிச்சயம். மற்றப் பக்கத்தையும் சாப்பிட்டேனா? அவர் பழக்கிவிட்ட பழக்கத்தில் கை தானாகப் போயிருக்கலாம். நினைவில்லை. ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு மாதிரி வந்தால், முடிவு சொல்லப் போதாது என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். அக்கா நான் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, பொலிஸ் விசாரணையே? ஆறமுதல் சாப்பிடும்" என்றார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை.

அக்கா இறந்த பிறகு இந்தக் கேள்வி மறுபடி வந்தது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவால். இறந்தவருக்கு உயிரோடிருக்கும்போது எது விருப்பமோ அதைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். மீன், இறைச்சி என்று மச்சமானாலும் சரி, மதுவானாலும் சரி. இங்கே தகனசாலை தரும் தெர்மீனை, அதாவது குறித்துத் தரும் நாளைப் பொறுத்துத்தான் எல்லாம் என்பதால் எட்டு எட்டாம் நாளில் வருவதில்லை. ஆட்களுக்கு வசதியான ஒரு சனிக்கிழமையில் வரும். நிலானி அம்மாவுக்கு மீன் படைக்க வேண்டும் என்றாள். அண்ணை கூடாது என்றார். கிளிநொச்சியிலிருந்து வசந்தி தொலைபேசிக் காணொளியில் படையலைப் பார்ப்பார் என்பது இருவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை என்னை வரச்சொன்னார்கள்.

போகும் வழியில் கோஸ்தாவின் கடைக்குள் நுழைந்தேன். அக்கா இறந்ததை அவர் ஏற்கனவே அறிந்திருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"என் தோழி இங்கே எப்போதாவது மீன் சாப்பிட்டதைப் பார்த்தீர்களா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டேன்.

அவர் முகம் உடனே இறுகியது. "ஏன்? மீனில் என்ன குறை? நீங்கள் வேலை விஷயமாகவா கேட்கிறீர்கள்?"

"இல்லை. அவருடைய மகளுக்காக."

"நான் விருந்தாளியின் தட்டைப் பார்ப்பேன். வாயைப் பார்க்கமாட்டேன்." பிறகு, "தட்டு எப்போதும் காலியாகத்தான் வந்தது. இருவருடையதும்" என்றார். தெரிந்து மறைக்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று பிரித்தறிய என்னால் முடியவில்லை.

வீட்டில் வரவேற்பறையில் அண்ணையும் நிலானியும் இருந்தார்கள். பேசாமல் இருந்தவர்கள் நான் வந்ததும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"அன்ரி, அம்மா அங்க மீன் சாப்பிட்டவவோ?"

"நான் காணேல்லை."

"காணேல்லை எண்டால் சாப்பிடேல்லை எண்டோ?"

"இல்லை. காணேல்லை எண்டு மட்டும்தான்."

"ஐயோ அன்ரி, இது உங்கட லபோர் இல்லை!"

அவள் சொன்னது சரி, அது ஆய்வுகூடம் அல்ல. அதனால் அந்தக் குளிர்கால மாலையை முழுதாகச் சொன்னேன். அண்ணை இடையில் ஒருமுறைதான் பேசினார்.

"கன்னமோ?"

"ஓம் அண்ணை. ஒரு பக்கம் நான்தான் சாப்பிட்டனான். மற்றப் பக்கம் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நான் ஒவ்வொருமுறையும் போன் எடுத்துக் கேட்டது ஏன் தெரியுமே பிள்ளை? ஒருநாளாவது, அவவும் மீன் சாப்பிட்டவ எண்டு சொல்லுவீர் எண்டுதான். நான் கேட்டால் சொல்லமாட்டா. நீர் பொய் சொல்லமாட்டீர் எண்டு அவ சொன்னவ."

நான் அவரைப் பற்றிக் கட்டிவைத்திருந்த முடிவு அந்த இடத்திலேயே விழுந்தது.

"அப்ப மீன் வைக்கலாம்தானே அப்பா?" என்றாள் நிலானி.

"இல்லை. அவ சாப்பிட்டவ எண்டு தெரிஞ்சால் நானே காய்ச்சி வைப்பன். தெரியாமல் வைக்க ஏலாது. உயிரோட இருந்து முடிக்காத நேர்த்தியைச் செத்தாப்பிறகு முடிச்சு வைக்க நான் ஆர்? மீனைக் கண்டால் வசந்தி என்ன நினைப்பா? மச்சாளும் விட்டிட்டா எண்டு நினைக்கமாட்டாவே?"

"அம்மாக்கு விருப்பமானது ஒண்டே ஒண்டுதான் அப்பா. அதை வைக்காமல் கத்தரிக்காயும் பூசணிக்காயும் வைச்சுப்போட்டு, அம்மாக்குப் படைச்சனாங்கள் எண்டு சொல்லுறதே?" நிலானி எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீன் இல்லை என்றுதான் அன்று முடிவானது.

அக்கா ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இப்போது ஒரு விடை இருக்கிறது: கண்டதை மட்டும் சொல்லும் ஒரு சாட்சி அவருக்குத் தேவைப்பட்டது. காணாததை ஊகித்துச் சொல்லாத சாட்சி என்பதும் அதற்குள் அடக்கம். இந்த விடையையும் நான் முழுதாக நம்பவில்லை. ஒருவேளை அவருக்கு என்னோடு சாப்பிடப் பிடித்திருக்கலாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: ஒருவர் மேசைக்கு அழைத்தால், ஏன் அழைக்கிறார் என்று தெரியாமலே போய் உட்காரலாம், அடுத்த மாதமும் போகலாம். எனக்கு அது எளிதாக வந்ததில்லை. அக்கா பல வருடங்கள் மீன் வாங்கித் தந்து பழக்கினார்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது வசந்தி அழைத்தார். தன்னுடைய பெட்டியில் இருந்த அக்காவின் பழைய படம் ஒன்றைத் தொலைபேசியில் அனுப்பியிருப்பதாகவும், அதையும் வைக்கும்படியும் சொன்னார். நிலானி அழுதபடியே, "மாமி, அப்பா அம்மாக்கு மீன் வைக்க விடுறார் இல்லை" என்று சொல்லிவிட்டாள். அண்ணை அவளைத் தடுக்கக் கையை உயர்த்தினார். அதற்குள் வசந்தியின் குரல் வந்துவிட்டது.

"ஏன்? வையுங்கோவன். மச்சாளுக்கு உயிரெல்லோ."

"மாமா வரும் வரைக்கும் எண்டு நேர்த்தி மாமி. வைச்சால் நீங்கள் கவலைப்படுவியள் எண்டு அப்பா சொல்லுறார்."

"நானோ?" என்றார் வசந்தி. "பிள்ளை, அப்பாட்டக் குடு. அண்ணை, நான் இஞ்ச கிழமையில ரண்டு மூண்டு நாள் மீன் காய்ச்சிறனான். இவ்வளவு காலமும்."

அண்ணை கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"திடீரெண்டு உந்த மனுசன் வந்து நிண்டால் என்னத்தைக் குடுக்கிறது? மீன் இல்லாத வீட்டில அவர் சாப்பாட்டுக் கோப்பையில கை வைப்பாரே? அதுதான் காய்ச்சிறது. மச்சாளிட்ட மட்டும் சொல்லேல்லை. அவ அங்க விட்டிருக்க, நான் இஞ்ச தின்னுறன் எண்டு எந்த வாயால சொல்லுறது? நீங்கள் வையுங்கோ அண்ணை. மீன் வைச்சால் அவர் இல்லை எண்டு ஆர் சொன்னது?"

அண்ணை தொலைபேசியை மேசையில் வைத்தார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். துருக்கிக்காரரின் மீன்கடையிலிருந்து பெரிய பையோடு திரும்பினார். கோஸ்தாவின் கடையில் வருவது எந்த மீன் என்று அவருக்குத் தெரியாது. கண்ணில் பட்ட எல்லா வகையிலும் வாங்கியிருந்தார். நான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நிலானிக்கு மீன் வெட்டத் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. அண்ணைதான் வெட்டினார். பொரிக்கும்போது கூரையிலிருந்த புகைமணி அலறியது. நிலானி கதிரையில் ஏறி அதைக் கழற்றிச் சோபாவின் மெத்தைக்குக் கீழே தள்ளினாள். மாலையில் அக்காவின் படத்துக்கு முன்னால், வாழையிலையில், எல்லாவற்றுக்கும் நடுவில் முழுமீன் இருந்தது. வசந்தி காணொளியில் பார்த்துக் கும்பிட்டார்.

படைத்து முடிந்ததும் எல்லோருக்கும் பரிமாறினோம். அண்ணையின் தட்டில் நிலானி மீன்துண்டு ஒன்றை வைக்கப் போனாள். அவர் கையால் தட்டை மூடினார்.

"எனக்கு வேண்டாம்."

"ஏன் அப்பா? நீங்கள் வெளியில சாப்பிடுறனீங்கள்தானே."

"இனி இல்லை. ரவி இன்னும் வரேல்லையே."

"அது அம்மாவின்ர நேர்த்தி."

"ஓம். அவ போட்டா. ஆராவது ஒராள் வழி பாத்துக்கொண்டு இருக்கத்தானே வேணும்."

நிலானி அந்தத் துண்டை என் தட்டில் வைத்தாள். தொலைபேசித் திரையில் வசந்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணை பருப்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.